சாரலுக்கு வருகிறவர் கையில் எது இருக்கட்டும்?

ஆனி, ஆடியில் சாரல் அடிக்கத் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் கால் வைக்க இடம் இருக்காது. வருகிற கூட்டம் குளிக்கும், சாப்பிடும், மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும். அதோடு வந்த கவரும் பாட்டிலும் பாக்கெட்டும் மட்டும் திரும்புவதில்லை. அருவித் தண்ணீர்தான் சிற்றாறாகித் தென்காசி வழியாக ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. வழியெல்லாம் குளங்களும் வயல்களும் அதை நம்பி இருக்கின்றன. அருவிக்கரையில் நாம் போட்டுவிட்டு வருவது யாரோ ஒருவருடைய நாற்றங்காலில் போய் ஒதுங்குகிறது.

அதனால் எதை வாங்குவது, எதைக் கொண்டுவருவது என்பதை வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முடிவு செய்ய வேண்டும். “மக்கும்”, “மறுசுழற்சி செய்யலாம்” என்று அட்டையில் அச்சடித்திருப்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: பயன்படுத்தி முடித்த பிறகு இதை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? கேஸ் சிலிண்டரைக் குப்பையில் போட்டவர் உண்டா? இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஓடையில் மிதந்து பார்த்திருக்கிறீர்களா? சிலிண்டருக்கு டெபாசிட் இருக்கிறது, கேனுக்கு அட்வான்ஸ் இருக்கிறது. காலியானதும் அது வந்த இடத்துக்கே திரும்பிப் போகிறது.

குடிக்கிற தண்ணீர்

முதல் இடம் வீட்டிலிருந்து கொண்டுவரும் எவர்சில்வர் பாட்டிலுக்குத்தான். கண்ணாடி பாட்டில் வேண்டாம். வெறுங்காலோடு நடக்கிற வழுக்குப் பாறையில் ஒரு சில்லு உடைந்தால் போதும், அடுத்து வரும் குழந்தையின் பாதத்தில் ஏறும். தங்கும் விடுதியில் கேன் தண்ணீர் கேட்டு வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். கேட்கிறவர்கள் கூடினால் விடுதிக்காரரும் அதை வாசலில் வைத்துவிடுவார்.

கடையில்தான் வாங்க வேண்டும் என்றால், சின்னச் சின்ன பாட்டிலாக வாங்காமல் பெரிய பாட்டில் ஒன்றாக வாங்குங்கள். அந்த பாட்டிலுக்குப் பழைய இரும்புக் கடையில் விலை உண்டு. அதைத் தூளாக்கி உருக்கிப் பாலியஸ்டர் நூலாக்குகிறார்கள். கசக்கி, மூடி போட்டு, பொறுக்குகிறவர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். பாறை இடுக்கில் செருகியதை யாராலும் எடுக்க முடியாது. கலர் குடிக்க ஆசைப்பட்டால் கடையிலேயே நின்று குடித்துவிட்டுக் கண்ணாடி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கோலி சோடா காலத்திலிருந்தே நம் ஊருக்குப் பழக்கமான வழக்கம் அது.

சாப்பிடுகிற தட்டு

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. வாழை இலைதான். செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் இலையில்தான் வருகின்றன. சாப்பிட்ட இலையை மாடு தின்னும். தின்னாதது எருக்குழியில் மக்கும். பாக்கு மட்டைத் தட்டும் நல்லதே. ஆனால் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், அதனால் சாரல் காலத்தில் மொத்தமாக வாங்கி அடுக்கி வைக்காதீர்கள்.

பேப்பர் கப், பேப்பர் தட்டு விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உள்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், மெல்லிய பிளாஸ்டிக் தோல் உரிந்து வரும். அந்தத் தோல் இல்லாவிட்டால் டீ கப்பிலேயே ஊறி ஒழுகிவிடும். பிளாஸ்டிக் பூசிய இந்தக் கப்பும் தட்டும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலிலேயே இருக்கின்றன. போதாததற்கு இங்கே விடாத தூறல். காய்ந்த அட்டைக்குக் கிடைக்கிற விலை நனைந்து கூழான அட்டைக்குக் கிடைப்பதில்லை. மற்ற ஊரில் எப்படியோ, குற்றாலத்தில் பேப்பரை நல்ல மாற்று என்று என்னால் சொல்ல முடியாது. டீயைக் கண்ணாடி டம்ளரில் கேளுங்கள்.

தூக்கிப் போகிற பை

மஞ்சப்பை நல்லது. மீண்டும் மஞ்சப்பை இயக்கத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. ஆனால் அதற்காகப் புதிதாக ஒரு பை வாங்க வேண்டியதில்லை. பருத்தி விளையத் தண்ணீர் நிறைய வேண்டும், எனவே ஒரு துணிப்பையைப் பல ஆண்டு தூக்கினால்தான் அதற்கு நியாயம் செய்ததாகும். கல்யாண வீடுகளில் தாம்பூலப் பையாக வந்தவை பரணில் கிடக்குமே, அவற்றில் நாலைந்தை எடுத்து வாருங்கள். பழத்துக்கு அது போதும். நேந்திரங்காய் சிப்ஸுக்கு ஒரு டப்பா கொண்டுவந்தால், சுடச்சுட எடைபோட்டுத் தருகிறவர் டப்பாவிலேயே கொட்டித் தருவார்.

துணி மாதிரியே இருக்கும் இன்னொரு பையும் புழங்குகிறது. புள்ளி புள்ளியாக அழுத்திய தடம், கலர் கலராக அச்சிட்ட கடைப் பெயர். அதில் பருத்தி இழை ஒன்றுகூட இல்லை. அது முழுக்க பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக், கொஞ்ச நாள் வெயில் பட்டால் இழை இழையாக உதிரும். இதுவும் அதே தடைப் பட்டியலில் இருப்பதுதான். கொடுத்தால் வாங்காதீர்கள்.

பாக்கெட்

ஷாம்பு பாக்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து அந்த முக்கோணத் துண்டைத் துப்புகிறோம். அருவி வாசலில் குனிந்து பார்த்தால் பாறைப் பிளவெல்லாம் அந்த முக்கோணங்கள்தான். ஷாம்புவை பாக்கெட்டில் அடைத்து எளியவர்களுக்கும் எட்டும் விலையில் கொண்டுவந்தவர் நம் கடலூர் சின்னி கிருஷ்ணன். முழு பாட்டில் வாங்க முடியாத குடும்பங்களுக்கு அது பெரிய வசதி, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் பிளாஸ்டிக் படலமும் உலோகப் பூச்சும் ஒன்றோடொன்று ஒட்டிய அந்த உறையைப் பிரித்தெடுக்க எளிய வழி இல்லை. பழைய இரும்புக் கடையில் அதற்கு ஒரு பைசாவும் தரமாட்டார்கள்.

சட்டம் இதைத் தயாரித்தவர் பொறுப்பு என்கிறது. 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளும், 2022 பிப்ரவரியில் வந்த திருத்தமும் தயாரிப்பாளர், இறக்குமதியாளர், பிராண்ட் உரிமையாளர் மூவர் மீதும் அந்தப் பொறுப்பைச் சுமத்தியிருக்கின்றன. நல்ல விதிதான். ஆனால் நாட்டின் ஏதோ ஒரு மூலையில் அதே வகை பிளாஸ்டிக்கை அதே எடைக்குப் பதப்படுத்திய சான்றை வாங்கிக் காட்டினால் நிறுவனத்தின் கணக்கு நேராகிவிடும். ஐந்தருவி ஓடையில் கிடக்கும் பாக்கெட் அங்கேயே கிடக்கும். எனவே இந்த ஒரு பொருளில் சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருக்காதீர்கள், வாங்காமல் இருப்பதே வழி. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஏற்கெனவே தடை விதித்திருக்கிறது. எண்ணெய் தேய்த்துக்கொள்ள ஆசை இருந்தால் அறையிலேயே தேய்த்துச் சீயக்காய் போட்டு முழுகிவிட்டு அருவிக்கு வாருங்கள். அருவிக்கு உங்கள் உடம்பும் ஒரு துண்டும் போதும்.

ஊரில் இருப்பவர்களுக்கு

தென்காசி, செங்கோட்டை, மேலகரம் வாசிகளுக்குக் காலையில் வரும் குப்பை வண்டி இருக்கிறது. மக்குவதையும் மக்காததையும் பிரித்துக் கொடுத்தால் உள்ளாட்சியின் வளம் மீட்புப் பூங்காவில் காய்கறிக் கழிவு உரமாகும். பால் கவரைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவர் எடுத்துக்கொள்வார். சிப்ஸ் கவர் போல யாருமே வாங்காததற்கு ஒரு வழியைக் காட்டியவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன். சூடான ஜல்லியின் மேல் தூளாக்கிய பிளாஸ்டிக்கை உருக்கிப் பூசித் தாரோடு கலந்து சாலை போடும் அந்த முறைக்காக 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். எரிப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அதற்கும் பிளாஸ்டிக் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும், சேறு படிந்தால் பயனில்லை. இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதிது வாங்கும்போது கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஈயத்துக்கு மதிப்பு இருப்பதால் அது திரும்பிப் போகும். செல்போன், சார்ஜர் போன்றவற்றைக் குப்பை வண்டியில் போடாமல், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். கொல்லைப்புறத்தில் போட்டுக் கொளுத்துவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

கடைசியாகக் குற்றாலம் பேரூராட்சிக்கும் கடைக்காரர்களுக்கும். நீலகிரியில் உடைந்த மது பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழித்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதால், 2022 மே மாதம் முதல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக் காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. பிறகு அது மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. ஜெர்மனியில் 2003 முதல் தண்ணீர் பாட்டிலுக்கும் இப்படி 25 சென்ட் பிடித்துவைக்கிறார்கள். குற்றாலத்தில் விற்கும் ஒவ்வொரு தண்ணீர் பாட்டிலுக்கும் ஐந்து ரூபாய் பிடித்துவைத்து, காலி பாட்டிலை எந்தக் கடையில் கொடுத்தாலும் திருப்பித் தருவது என்று அடுத்த சாரலுக்கு முன்பாகவே கூடிப் பேசி முடிவு செய்யுங்கள்.