3 புலி, 15 ஆடு... நடுவிலே ஒரு நாய்!



ஆடுபுலி ஆட்டம் ஆடாதவர் நம்மில் யார்? 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. புலி தாவி வெட்டும். ஆட்டுக்கு வெட்டத் தெரியாது. கூட்டமாக நின்று புலியை அடைத்துவிடும். ஒரு பக்கம் பலம், மறுபக்கம் எண்ணிக்கை. நேபாளத்தில் இதைப் போலவே 'பாக் சால்' என்று ஓர் ஆட்டம்: 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. இரண்டு பேரும் தப்பே செய்யாமல் ஆடினால் அது சமனில்தான் முடியும் என்று கணிப்பொறி வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள்!

சரி, நம் ஆட்டத்தில் நாமே ஒரு புதுக்காய் சேர்த்தால்? ஆட்டுக்குக் காவலாக ஒரு நாய். விதி இதுதான்: நாய்க்கு அடுத்த புள்ளியில் நிற்கும் ஆட்டைப் புலி வெட்டக் கூடாது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஆட்டம் கெடாமல் இருக்கணுமே!

1. ஒன்றைச் சேர்த்தால் ஒன்றைக் கழி.
எல்லாக் காயும் வைத்தபின் 23-ல் 18 போக 5 புள்ளி காலி. நாயைச் சும்மா சேர்த்தால் 4 தான் காலி. ஆட்டுக்குக் காவலும் ஆச்சு, புலிக்கு இடமும் குறைஞ்சாச்சு. ரெட்டை லாபம்! 2 ஆட்டை எடுத்துவிட்டு நாயை வைத்தால் 6 காலி.

2. பலம் கொடுத்தால் குறையும் கொடு.
1974-ல் அமெரிக்காவில் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற கதை விளையாட்டில் மந்திரவாதிக்குப் பெரிய பெரிய மந்திரம் உண்டு. ஆயுதமோ குறுவாள் மட்டும்தான். அதனால் போர்வீரனுக்கும் வேலை இருக்கும். நம் நாயையும் புலி வெட்டலாம் என்று வையுங்கள்.

3. ஆடிப் பார்த்து எண்ணு.
பக்கம் மாற்றி மாற்றி 20 ஆட்டம் ஆடுங்கள். 13–7 வந்தால் பதறாதீர்கள். காசை 20 தடவை சுண்டினாலே, ஒரு பக்கம் 13-ஓ அதற்கு மேலோ விழுவது 100-க்கு 26 முறை நடக்கும். 15–5 அல்லது அதைவிட மோசமாக வருவது 4 முறைதான். அப்படி வந்தால் விதியில் கோளாறு என்று சந்தேகப்படலாம்.

4. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்.
ஆட்டையும் குறைத்து, நாயின் விதியையும் மாற்றினால் எதனால் சரியாச்சு என்றே தெரியாது.

இவ்வளவு கணக்கு எதற்கு? ஆறாம் வகுப்புத் தம்பியைக் கூப்பிட்டு, ஜெயிக்கவே முடியாத பக்கத்தைக் கொடுத்தால் ரெண்டு நாள் ஆடுவான். மூணாம் நாள் வரமாட்டான். அப்புறம் புலியை வைத்துக்கொண்டு நாம் மட்டும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஆகவே, விதி செய்தவர் பக்கம் கேட்கக் கூடாது. எதிரே உட்காருபவர் முதலில் எடுக்கட்டும். எதை எடுத்தாலும் நமக்குச் சம்மதம் என்றால்தான் அது நல்ல விதி.

செய்து பாருங்கள்: சாக்பீஸ், 3 புளியங்கொட்டை, 13 கூழாங்கல், நாய்க்கு ஒரு பொத்தான். 20 ஆட்டத்தின் கணக்கை எழுதி இந்தத் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்!