பென்டியம் ஜி4560: கடைக்கு வாங்கலாமா?

கடைக்குப் பாவித்த கணினி ஒன்றை வாங்கச் செல்லும் வியாபாரி வழக்கமாக இரண்டு கேள்விகளைக் கேட்பார். விலை என்ன, வேகம் எப்படி? மூன்றாவது கேள்வியொன்றும் இருக்கிறது. இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் ஜி4560 புரொசெசரை வைத்து அதை விளங்கிக்கொள்வோம்.

2017 ஜனவரியில் இது அறிமுகமானபோது இன்டெல் குறித்த விலை 64 டொலர். அதே காலத்து கோர் ஐ3-7100 புரொசெசருக்கோ 117 டொலர். இரண்டிலும் 2 கோர்கள், 3 மெகாபைட் கேச். வேகம் மட்டும் ஒன்றில் 3.5 கிகாஹேர்ட்ஸ், மற்றதில் 3.9. முந்திய பென்டியம்களில் தராமல் வைத்திருந்த ஹைப்பர் த்ரெடிங் வசதியை இன்டெல் இதில் சேர்த்தது. முன்னால் நிற்பவர் பணப்பையைத் தேடும் நேரத்தில், காசாளர் பக்கத்து வரிசைக்காரருக்கு பில் போடுவதைப் போன்றது அது. காசாளர் இருவர், வரிசை நான்கு. அதற்காக நான்கு காசாளரின் வேலை நடக்கும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள்!

பில் போட, இருப்புக் கணக்குப் பார்க்க, எக்செல், மின்னஞ்சல் இவற்றுக்கு இது தாராளமாகப் போதும். திரைக்குத் தேவையான கிராபிக்ஸ் உள்ளேயே இருப்பதால் தனி அட்டை வேண்டியதில்லை. இப்படியான கணினி இழுபட்டால் பழியைப் புரொசெசர் மீது போடுவார்கள். பல வேளைகளில் குற்றவாளி பழைய ஹார்ட் டிஸ்க்தான். அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டு, ரெம் 8 ஜிபி ஆக்கினால் வித்தியாசம் தெரியும்.

குறைகளும் உண்டு. வேலை கூடும்போது தானாக வேகமெடுக்கும் டர்போ வசதி இல்லை. ஏவிஎக்ஸ் கட்டளைகள் இல்லாததால் அவற்றைக் கட்டாயமாக்கும் மென்பொருட்கள் இயங்கா. வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் இதன் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

இனி அந்த மூன்றாவது கேள்வி: விண்டோஸ் 11 ஐ இது முறைப்படி ஏற்குமா? ஏற்காது. மைக்ரோசொப்ட்டின் அனுமதிப் பட்டியலில் ஜி4560 இல்லை. அதே ஆண்டில் பெரிய விலைக்கு விற்ற ஐ7-7700 கூட இல்லை. விண்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல் 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்துவிட்டது. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினிக்கு இது சிறிய விடயமல்ல.

2018 இல் வந்த பென்டியம் கோல்ட் ஜி5400 அந்தப் பட்டியலில் உண்டு. அறிமுக விலையும் அதே 64 டொலர்தான். ஆனால், "சொக்கெட் ஒன்றுதானே, இதை மட்டும் மாற்றித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் நம்பி ஏமாற வேண்டாம். சொக்கெட்டின் பெயர் 1151 என்று ஒன்றாக இருந்தாலும் ஜி5400 க்கு 300 வரிசை மதர்போர்ட் வேண்டும். ஜி4560 இன் போர்டில் அது இயங்காது.

ஏற்கனவே ஜி4560 வைத்திருப்பவர்கள் அதை எறிய வேண்டியதில்லை. இணையத்தைத் துண்டித்துவிட்டு பில் போட மட்டும் வையுங்கள், அல்லது லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். லினக்ஸ் போடுமுன், உங்கள் பில் மென்பொருள் அதில் இயங்குமா என்று அதை விற்றவரிடம் கேட்டுவிடுங்கள்.