போலந்து மருத்துவர் எண்ணும் அதன் ஆங்கிலப் பெயர்ப்பும்

அரசாங்கப் பத்திரங்களை மொழிபெயர்ப்போர்க்குச் செய்யுளை மொழிபெயர்ப்போர்க்கில்லாத பொறுப்பொன்றுண்டு. அவர் எழுதும் சொல்லை நம்பிப் பிறர் காரியஞ் செய்வர். இவ்வுண்மையை விளக்கப் போலந்து நாட்டு மருத்துவர்களின் எண்ணைக் குறிக்கும் பெயர் நல்லதோர் உதாரணமாம்.

அந்நாட்டு மருத்துவர் ஒவ்வொருவர்க்கும் ஏழிலக்க எண் ஒன்று உண்டு. அதனைப் போலிஷ் மொழியில் 'நூமெர் பிராவா விகொனிவானியா ஸவோது' என்பர். சுருக்கமாகப் 'பெ-வூ-ஸெட்' என வழங்குவர். இதனைப் பிரித்து நோக்குவோம். நூமெர் என்பது எண், பிராவா, உரிமையின், விகொனிவானியா, செய்தலின், ஸவோது, தொழிலின். பின்வரும் மூன்று பெயர்களும் ஆறாம் வேற்றுமைப் பொருளில் நின்றன. போலிஷ் மொழியில் வேற்றுமை ஏழு. நம் மொழியில் எட்டு. ஆதலின் தமிழ் மாணாக்கர்க்கு இத்தொடர் அரிதன்று. கடைச்சொல்லினின்று முன்னோக்கிப் படிப்பின், 'தொழில் செய்யும் உரிமையின் எண்' எனப் பொருள் தானே விளங்கும்.

இனி இதனை ஆங்கிலத்தில் எங்ஙனம் பெயர்ப்பது? சொல்லுக்குச் சொல் வைப்பின் பொருள் பிழையாதாயினும், ஆங்கிலேயர் வழக்கிற் பொருந்தாது. அவர் வழக்கிலுள்ள தம் நாட்டுப் பெயரையே இடுவோமெனின் அதனினும் பெருங்கேடு விளையும். பிரிட்டனில் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் மருத்துவர்க்கு வழங்கும் எண்ணும் ஏழிலக்கமே. போலந்து எண்ணுக்கு அப்பெயரை இட்டால், அதனை அந்நாட்டுப் பதிவேட்டிற் தேடுவோர் யாரையுங் காணாது ஐயுறுதல் கூடும். அன்றி முற்றும் வேறான ஒருவரைக் காணுதலும் கூடும். அமெரிக்காவின் 'நேஷனல் புரொவைடர் ஐடென்டிஃபையர்' என்னும் பத்திலக்க எண்ணோ தொழிலுரிமையைக் குறிப்பதன்று.

வேறோர் எண்ணோடு மயங்குதலும் விலக்கத்தக்கது. 'பெஸெல்' என்பது போலந்துக் குடிகளுக்குரிய பதினோரிலக்க எண். அதன் முதல் ஆறிலக்கங்கள் பிறந்த நாளைக் காட்டும். மருந்துச் சீட்டில் நோயாளியின் பெஸெல் எண்ணும் மருத்துவரின் உரிமையெண்ணும் ஒருங்கே காணப்படும். இரண்டையும் 'ஐடென்டிஃபிகேஷன் நம்பர்' என்று பொதுப்படப் பெயர்ப்பின், எவர் எண் எதுவென்பது விளங்காது.

ஆகலின் 'போலிஷ் மெடிக்கல் லைசென்ஸ் நம்பர்' எனப் பெயர்த்து, முதன்முறை வருமிடத்துப் போலிஷ் சுருக்கத்தையும் உடன் எழுதுதலே நேரிய முறையாம். 'லைசென்ஸ்' என்பது உரிமையை உணர்த்தும். 'போலிஷ்' என்னும் அடைமொழி அவ்வுரிமையை வழங்கிய நாட்டை உணர்த்தும். சுருக்கமோ மூலப் பதிவேட்டிற் தேடுவோர்க்கு வழிகாட்டும்.

எண்ணை மட்டும் பெயர்த்தெழுதுவோன் பார்த்தெழுதிய அளவில் அமையலாகாது. அதன் முதலிலக்கம் சோதனையிலக்கமாம். பின்னுள்ள ஆறிலக்கங்களை முறையே 1 முதல் 6 வரையுள்ள எண்களாற் பெருக்கிக் கூட்டி, 11 ஆல் வகுக்க வரும் மீதியே அஃது. ஓரிலக்கம் பிறழினும், அவ்வாறனுள் அடுத்துள்ள வேறுபட்ட இரண்டிலக்கங்கள் இடம் மாறினும், இக்கணக்கு பிழையைக் காட்டிவிடும். மொழிபெயர்ப்போன் ஒரு நிமிஷத்திற் செய்யத்தக்க இச்சோதனை, அயல்நாட்டில் மருந்து வேண்டி நிற்கும் நோயாளியின் அலைச்சலைத் தவிர்க்கும்.

சொல்லுக்கு நேர்ச்சொல் காண்டல் எளிது. அச்சொல் எந்நாட்டுச் சட்டத்தைச் சார்ந்து நிற்கின்றதென அறிதலே மொழிபெயர்ப்போன் கடன்.