மாத்திரை நேரம் சொல்ல ஊர் பேர் எதற்கு?

மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலிக்குத் தெரிய வேண்டியவை இரண்டுதான்: எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு. ஆனால் பல செயலிகள் பெயர், பிறந்த தேதி, இருப்பிடம், போனில் உள்ள தொடர்பு எண்கள் என்று கேட்டுக்கொண்டே போகின்றன. கேட்டதையெல்லாம் கொடுக்கக் கூடாது என்பதே பயன்படுத்திப் பார்த்து நான் வந்து சேர்ந்த முடிவு. மெட்ஃபார்மின் என்றால் பெரும்பாலும் சர்க்கரை, ரிஃபாம்பிசின் என்றால் பெரும்பாலும் காசநோய், லித்தியம் என்றால் மனநலச் சிகிச்சை, டோலுடெகிராவிர் என்றால் எச்.ஐ.வி. நோயின் பெயரை எங்குமே எழுதாவிட்டாலும் மாத்திரைப் பட்டியல் அதைச் சொல்லிவிடும்.

“என் சுகர் மாத்திரை எங்கள் தெருவுக்கே தெரியும், இதில் என்ன ரகசியம்?” என்பார்கள். உண்மைதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவரும் பெண்ணுக்குத் தெரியும், மருந்துக்கடைக்காரருக்கும் தெரியும். அவர்கள் முகம் தெரிந்தவர்கள். வெளியே சொன்னால் நேரில் போய்க் கேட்கலாம். செயலியிலிருந்து போகும் தகவலுக்கு யாரைப் போய்க் கேட்பது? மருந்து தொடர்பான 24 ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்த ஆய்வு ஒன்று 2019இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்தது. அவற்றில் 19 செயலிகள் பயனரின் தகவலை வெளியே அனுப்பின. அதைப் பெற்ற அமைப்புகள் 55. எல்லோரும் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று சொல்ல மாட்டேன். சேமிப்பு வசதி தருவோரும் அதில் உண்டு. ஆனால் 2023இல் அமெரிக்காவின் குட்ஆர்எக்ஸ் நிறுவனம், பயனர்களின் மருந்து விவரங்களை ஃபேஸ்புக், கூகுள் போன்றோருக்குக் கொடுத்ததாகத் தொடரப்பட்ட வழக்கில் 15 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. பயம் வீண்பயம் இல்லை.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா? இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவைக்கு மேல் வாங்கும் சம்மதம் செல்லாது என்கிறது. தொலைமருத்துவச் செயலி ஒன்று தொடர்பு எண்களைக் கேட்பதையே அதற்கு உதாரணமாகவும் காட்டுகிறது. நல்ல சட்டம். ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். அதுவரை நம் காவல் நம் கையில்.

ஆகவே கணக்குத் தொடங்காமலே வேலை செய்யும் செயலியாகப் பாருங்கள். அறிவிப்புக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். இருப்பிடம், தொடர்பு எண்கள் இரண்டையும் மறுத்துவிடுங்கள். மருந்தின் பெயருக்குப் பதிலாக டாக்டர் சீட்டில் உள்ள வரிசை எண்ணைப் போடலாம். ‘வெள்ளை மாத்திரை’ என்று போடாதீர்கள். கம்பெனி மாறினால் நிறமும் மாறலாம். வெளியூரில் இருக்கும் மகளுக்கு, அப்பா மாத்திரை போட்டாரா என்று தெரிய வேண்டுமே என்பது நியாயமான கேள்வி. மறதி உள்ளவர் மாத்திரையைத் தவறவிடுவது தகவல் கசிவதைவிட ஆபத்து. அங்கே பகிரத்தான் வேண்டும்; அப்பாவைக் கேட்டு, அந்த ஒருவருக்கு மட்டும். செயலி வேண்டாம் என்று முடிவெடுத்தால், கணக்கு இருந்தால் முதலில் உள்ளே போய் அதை அழித்துவிடுங்கள், பிறகு போனிலிருந்து நீக்குங்கள். செயலியை நீக்குவதால் மட்டும் நிறுவனத்திடம் உள்ள தகவல் அழியாது.