அபராதம் கட்டும் முன்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்ரீரங்கத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்துக்கு, உங்கள் பெயரையும் தெருவையும் விட்டுவிட்டு, பொதுவிலேயே பதில் எழுதுகிறேன். அம்மா மண்டபத்துப் பக்கமும் திருவானைக்காவலிலும் திருச்சி முழுக்கவும் இதே கவலையோடு தூங்காமல் இருக்கும் தாய்மார்கள் படிக்கட்டும்.

உங்கள் மகனுக்கு 22 வயது. கொள்ளிடக் கரையில் 40 கிராம் கஞ்சாவோடு பிடிபட்டான். குற்றத்தை ஒத்துக்கொண்டால் ஃபைனோடு முடிந்துவிடும் என்கிறார் வக்கீல். “ஃபைன் கட்டிடறேன். அதுக்கப்புறம் அவன் நிறுத்திடுவானா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஃபைன் கட்டினால் வழக்கு முடியும், பழக்கம் முடியாது. அவன் மேல் ஒரு தண்டனை பதிவாகும். வேலைக்குப் போகுமிடத்தில் அது கேள்வியாக வரும். அதனால் ஒத்துக்கொள்வதற்கு முன்னால், இந்தச் சட்டத்திலேயே உங்கள் மகனுக்காக எழுதிவைத்திருக்கும் இரண்டு பிரிவுகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

என்.டி.பி.எஸ். என்று கோர்ட்டில் சொல்லும் போதைப்பொருள் சட்டம் 1985-இல் வந்தது. கஞ்சாவில் ஒரு கிலோ வரைக்கும் ‘சிறிய அளவு’. அதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த வழக்குகளை மாஜிஸ்ட்ரேட்டே விசாரிக்கலாம். உங்கள் வக்கீல் ஃபைனைப் பற்றிப் பேசுவது இதனால்தான். அவர் சொல்வது தப்பில்லை, பாதிதான்.

முதலாவது 64-ஏ பிரிவு. போதைக்கு அடிமையானவர், சிறிய அளவு வழக்கில் சிக்கியிருந்தாலும், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த நிலையத்திலோ சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்காக அவர்மேல் வழக்கு நடத்தக் கூடாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் மட்டும் இந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். குற்றத்தை ஒத்துக்கொள்வதற்கு முன் கேட்க வேண்டியது இதைத்தான்.

இரண்டாவது 39-ஆவது பிரிவு. குற்றம் நிரூபணமான பிறகும் நீதிபதி சிறைக்கு அனுப்பாமல், அவனுடைய சம்மதத்தோடு, பாண்டு எழுதி வாங்கிக்கொண்டு, சிகிச்சைக்கு அனுப்பலாம். அதிகபட்சம் ஓராண்டுக்குள் மருத்துவ அறிக்கை கோர்ட்டுக்கு வர வேண்டும். அறிக்கை திருப்தியாக இருந்தால், கண்டித்து, மூன்றாண்டு வரைக்கும் நன்னடத்தைக்கு இன்னொரு பாண்டு வாங்கி விட்டுவிடலாம்.

இவ்வளவு இருந்தும் ஏன் யாரும் சொல்லவில்லை? கேட்பவர் இல்லை என்பதுதான் எனக்குத் தெரிந்த காரணம். விதி என்ற சட்ட ஆய்வு மையம் பஞ்சாபில் 2013 முதல் 2015 வரையிலான வழக்குகளைப் பார்த்து 2018-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கோர்ட்டுக்கு வந்தவர்களில் ஒருவரைக்கூட நீதிமன்றம் சிகிச்சைக்கு அனுப்பவில்லை என்றது அது. போதையால் அத்தனை அடிபட்ட மாநிலத்திலேயே அப்படி! நம் ஊரில் கோர்ட் வளாகத்திலிருந்து புத்தூர் ஜி.எச்.சுக்கு நடந்தே போய்விடலாம். அந்த மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு கட்டிடங்களையும் இணைக்கிற ஒரு காகிதத்தை யாராவது எழுத வேண்டியிருக்கிறது. அதை எழுத வேண்டியவர் உங்கள் வக்கீல்; கேட்டு வாங்க வேண்டியவர் நீங்கள்.

சிகிச்சைக்கு அனுப்பிய பிறகும் கோர்ட் கூடவே நின்று கவனிக்க முடியும். அமெரிக்காவில் மயாமி நகரத்தில் 1989-இல் போதைக்கென்றே ஒரு நீதிமன்றம் தொடங்கினார்கள். அங்கே குற்றவாளி அடிக்கடி அதே நீதிபதி முன்னால் வந்து நிற்க வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. முன்னேறினால் எல்லார் முன்னிலையிலும் பாராட்டு, வழுக்கினால் கண்டிப்பு. ஒருமுறை வழுக்கியதற்காகவே கைவிட்டுவிட மாட்டார்கள். நம் 39-ஆவது பிரிவு அறிக்கை ஒன்றைத்தான் கட்டாயமாகக் கேட்கிறது. ஆளை மாதாமாதம் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. ஓராண்டு என்பது இந்தப் பழக்கத்தில் மிக நீண்ட காலம் அம்மா. அதற்குள் இரண்டு மூன்று தடவை வழுக்குவது வியாதியின் இயல்பு. திருச்சி மாஜிஸ்ட்ரேட்டுகள் இந்தப் பையன்களை மாதம் ஒருமுறை எதிரில் நிறுத்தி ‘எப்படியிருக்கிறாய்?’ என்று கேட்டால், அந்தக் கேள்விக்காகவே சிலர் தாக்குப்பிடிப்பார்கள் என்று மனதார நம்புகிறேன்.

ஒன்றைக் கவனமாகப் பாருங்கள். இந்த இரண்டு பிரிவும் ‘அடிமைப்பட்டவருக்கு’ மட்டும். விளையாட்டாகத் தொட்டுப் பார்த்தவனுக்குப் பொருந்தாது. உபயோகித்ததற்கு மட்டும் 27-ஆவது பிரிவில் வழக்கு என்றால், 1958-இன் நன்னடத்தைச் சட்டப்படியும் விடுவிக்கக் கேட்கலாம். பொட்டலம் வைத்திருந்ததற்கான வழக்கில் 18 வயதைத் தாண்டியவனுக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. அதனால் குற்றப்பத்திரிகையில் என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று முதலில் வாங்கிப் படியுங்கள்.

மறுவாழ்வு இல்லம் என்று போர்டு மாட்டிய இடத்துக்கெல்லாம் பிள்ளையை அனுப்பிவிடாதீர்கள். கட்டிப்போட்டு அடிப்பதைச் சிகிச்சை என்று சொல்கிற இடங்களும் உண்டு. மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். அரசு அங்கீகாரம் இல்லாத இடத்தில் சேர்த்தால் இந்தச் சட்டப் பாதுகாப்பும் கிடைக்காது. 2025 தொடக்கத்தில் தமிழக அரசு 25 மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற போதை மீட்பு மையங்களைத் திறந்தது, ஜி.எச்.சில் விசாரித்தால் பக்கத்தில் எது என்று சொல்வார்கள்.

கடைசி வரியில் அவன் அப்பாவின் குடியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். குடிக்கு 39 மாதிரி ஒரு பிரிவு இல்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 355-ஆவது பிரிவு, குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்தவருக்கு சமூக சேவையையும் ஒரு தண்டனையாக வைத்திருக்கிறது. தெருவைப் பெருக்கச் சொல்லும் சட்டம் டாக்டரைப் பார்க்கச் சொல்லவில்லை. அது எனக்கு வருத்தம். 1958 சட்டத்தில் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விடும்போது, மது தொடக் கூடாது என்று பாண்டில் நிபந்தனை போட இடமிருக்கிறது. குடியால் வந்த சில வழக்குகளில் வக்கீல்கள் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் வழக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மதுவாலும் போதையாலும் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய்க்குள் சேர்த்திருக்கிறது. அரசு மருத்துவமனையில் சிகிச்சை கேட்பது உங்கள் உரிமை.

அடுத்த வாய்தாவுக்கு முன்பே பையனை ஜி.எச். மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். ஓ.பி. சீட்டையும் டாக்டர் எழுதுவதையும் பத்திரமாக வைத்து வக்கீலிடம் கொடுங்கள். அவன் அப்பா வர ஒத்துக்கொண்டால் அதே நாளில் அவரையும் அழைத்துப் போகலாம், அதே பிரிவுதான்.

அன்புடன்,
உங்கள் கடிதத்தைப் படித்தவன்