கறிவேப்பிலையில் புழுவா? மருந்தடிக்காதே தங்கச்சி!

ஆசையாக வளர்த்த தொட்டிச் செடி ஒரே வாரத்தில் மொட்டைக் குச்சியாக நின்றால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் கறிவேப்பிலையை மேயும் அந்தப் பச்சைப் புழு பெரும்பாலும் கறிவேப்பிலை அழகி அல்லது எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் பிள்ளைதான். முட்டையிலிருந்து சிறகு முளைக்கும்வரை ஏறக்குறைய ஒரு மாதம். அதைச் சமாளிக்கத் தெரிந்தால் செடியும் பிழைக்கும், பூச்சியும் பிழைக்கும்.

1. முதலில் ஆளைத் தெரிந்துகொள்

கொழுந்து இலையைப் புரட்டிப் பார். கடுகைவிடச் சிறிதாக, வெளிர்மஞ்சள் உருண்டையாக ஒட்டியிருப்பது முட்டை. தாய்ப்பூச்சி முன்னங்காலால் இலையைத் தட்டி, சரியான செடிதானா என்று பார்த்த பிறகே ஒவ்வொன்றாக இடும். சில நாளில் பொரிகிற குட்டிப் புழு, பழுப்பில் வெள்ளைத் திட்டோடு அச்சு அசல் பறவை எச்சம் போலவே இருக்கும். எச்சம் என்று நினைத்துப் பறவைகளும் விட்டுவிடும். நான்கு முறை தோலுரித்த பிறகுதான் பச்சை நிறம் வரும்.

2. எண்ணிக்கையைக் குறை

இலையைக் காலி செய்வது பச்சையான பிறகுதான். அதற்கு முன்பே முந்திக்கொள். சின்னச் செடியென்றால் ஒன்றிரண்டை விட்டுவிட்டு, மற்றதை இலைக்காம்போடு கத்தரித்துப் பெரிய கறிவேப்பிலை மரத்தில் விடு. தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைபோல ஒரு செந்நிறக் கொம்பை நீட்டும். குப்பென்று நாற்றமும் வரும். பயப்படாதே, கொட்டாது. எறும்பை விரட்டத்தான் அந்த வித்தை. உடம்பெல்லாம் முடியுள்ள கம்பளிப்பூச்சி வேறு. அதை மட்டும் கையால் தொடாதே.

3. வேப்பெண்ணெயும் வேண்டாம்

இயற்கை மருந்துதானே என்று தெளித்துவிடாதே. புழுவுக்கு அதுவும் ஆபத்துதான்.

4. பிள்ளைகளுக்குக் காட்ட ஆசையா?

மூடியில் ஓட்டை போட்ட அகலமான டப்பாவில், அடியில் காகிதம் விரித்து ஒரு புழுவை மட்டும் வை. தினமும் வீட்டுச் செடியின் இலை போடு, எச்சத்தைத் துடை. கடை இலையில் மருந்து தெளித்திருக்கலாம், அதைப் போடாதே. தண்ணீர் வைக்கத் தேவையில்லை, இலையின் ஈரமே போதும். பெரிய புழு தின்பதை நிறுத்திவிட்டு அங்குமிங்கும் அலைந்தால் கூடு கட்டப் போகிறதென்று அர்த்தம். சாய்வாக ஒரு குச்சி வை.

5. கூட்டை அசைக்காதே

வால் நுனியைக் குச்சியில் ஒட்டி, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொள்ளும். சுற்றுப்புறத்துக்கு ஏற்றபடி கூடு பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும். பொதுவாகப் பத்து நாள் அளவில், காலை வேளையில் வெளியே வரும். அப்போது சிறகு ஈரத் துணிபோல் சுருண்டிருக்கும். விரித்துவிடக் கை வைத்தால் சிறகு ஊனமாகிவிடும். கீழே சொட்டும் நிற நீர் ரத்தம் இல்லை. உள்ளே தங்கிய கழிவுதான். சிறகு நன்றாகக் காய்ந்ததும் வெளியே விட்டுவிடு. சில கூட்டிலிருந்து பூச்சிக்குப் பதில் குட்டிக் குளவி வரும். தாய்க் குளவி முன்பே முட்டையிட்டுப் போயிருக்கும். உன் தப்பு இல்லை.

6. எது வந்தது என்று பார்

மஞ்சளும் கறுப்பும் கட்டம் கட்டமாக, வால் இல்லாமல் இருந்தால் எலுமிச்சை அழகி. கறுப்புச் சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசையும் வாலும் இருந்தால் கறிவேப்பிலை அழகி. இதன் பெண்களில் பல, விஷமுள்ள ரோஜா அழகியைப் போலச் சிவப்புப் புள்ளியோடு வேஷம் கட்டும். பறவையை ஏமாற்றத்தான்!

7. செடியைத் தேற்று

மொட்டையான செடியைப் பிடுங்கி எறிந்துவிடாதே. நுனியைக் கிள்ளி, நல்ல வெயிலில் வைத்து, புளித்த மோரில் தண்ணீர் கலந்து வேரில் ஊற்று. பக்கக் கிளை வெடித்துத் துளிர்க்கும்.

இன்னொரு தொட்டியில் புழுக்களுக்கென்று எலுமிச்சை விதை நான்கைப் போட்டு வை. பக்கத்தில் ஒரு இட்லிப்பூச் செடியும் இருந்தால் தேனுக்கு ஆயிற்று. சமையலுக்கு ஒரு தொட்டி, பூச்சிக்கு ஒரு தொட்டி என்று பங்கு பிரித்துவிட்டால் மருந்து டப்பாவுக்கு வேலையே இருக்காது.