பொருளடக்கத்தை எழுதியது யார்?

கேள்வி: நான் பாளையங்கோட்டையில் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவள். கோவில்பட்டியில் ஒரு ஆர்.சி. வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு இரண்டு வருடமாகிறது. எங்கள் கல்யாணப் பூசையில் முதல் வாசகம் தோபித்து நூலிலிருந்து வாசித்தார்கள். என் சித்தப்பா பக்கத்தில் இருந்தவரிடம், "இது நம்ம பைபிள்லயே கெடையாதே" என்று சொன்னது மூன்று வரிசைக்குக் கேட்டது. அன்றைக்குத் தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆகஸ்ட் 15க்கு அத்தை என்னைக் காமநாயக்கன்பட்டி பரலோக மாதா கோயிலுக்குக் கூப்பிடுகிறார்கள். மாதா உடலோடு பரலோகம் போனதாக வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், "எல்லாத்தையும் எழுதியா வச்சிருக்கு? திருச்சபை சொல்லுதுல்ல" என்கிறார்கள். வேதம் மட்டும் போதும் என்று நான் சொன்னால், என் கணவர் சிரித்துக்கொண்டே, "வேதத்தில் எத்தனை புத்தகம் என்று வேதத்தில் எந்த வசனம் சொல்கிறது?" என்று மடக்குகிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. வேதமா, பாரம்பரியமா, எதற்கு முதலிடம்?

— ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: சகோதரி, உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்வி. நானும் உங்கள் பக்கத்து ஆள்தான். இறையியல் படிக்கப் போன முதல் வருடம் இதே கேள்விக்கு முன்னால் நானும் விழித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பார்த்துவிடுவோம். பாரம்பரியம் என்பதற்குப் புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் 'பரதோசிஸ்'. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு ஒப்படைப்பது என்று பொருள். உங்கள் அம்மா வீட்டுப் பழைய வேதாகமத்தில் மாற்கு 7ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பரிசேயரை இயேசு கண்டிக்கிற அந்த இடத்தில் இச்சொல் 'பாரம்பரியம்' என்று இருக்கும். தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் (2:15), வாயால் சொன்னதையும் கடிதத்தில் எழுதியதையும் விட்டுவிடாதீர்கள் என்கிறார் பவுல். அங்கேயும் கிரேக்கத்தில் அதே சொல்தான். தமிழில் 'முறைமைகள்' ஆகிவிட்டது. 1 கொரிந்தியர் 11:2இல் அதுவே 'கட்டளைகள்'. திட்டு விழுகிற இடத்தில் பாரம்பரியம், பாராட்டு வருகிற இடத்தில் வேறு பெயர்! மொழிபெயர்த்தவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வேதாகமத்தைப் படித்து வளர்ந்த நமக்குப் பாரம்பரியம் என்றதும் பரிசேயர் முகம் ஞாபகத்துக்கு வருவதில் வியப்பில்லை.

அதே 11ஆம் அதிகாரத்தின் 23ஆம் வசனம் இன்னும் சுவையானது. தான் பெற்றுக்கொண்டதை உங்களிடம் ஒப்புவித்தேன் என்று தொடங்குகிறார் பவுல்; அடுத்த மூச்சில், இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட இரவைப் பற்றிப் பேசுகிறார். ஒப்புவித்ததற்கும் காட்டிக்கொடுத்ததற்கும் கிரேக்கத்தில் ஒரே வினைச்சொல். திருச்சபை வரலாற்றில் இரண்டுமே நடந்திருக்கிறது.

இனி உங்கள் கணவரின் பொருளடக்கத்துக்கு வருவோம். பவுல் கடிதம் எழுதிக்கொண்டிருந்த 50களில் புதிய ஏற்பாடு என்று ஒரு புத்தகம் கிடையாது. யூதர்களின் வேதம் இருந்தது, அப்போஸ்தலர் சொல்லிக்கொடுத்தது இருந்தது, அவ்வளவுதான். நமக்குத் தெரிந்த முதல் கிறிஸ்தவப் பட்டியலைப் போட்டவரே, 144ஆம் ஆண்டு வாக்கில் ரோம் சபையால் விலக்கப்பட்ட மார்சியன். அவர் பழைய ஏற்பாட்டை அடியோடு தள்ளினார். லூக்காவை வெட்டிச் சுருக்கிவிட்டு, பவுலின் கடிதங்களில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டார். இன்று நம் கையில் இருக்கும் 27 நூல்களையும், கூட்டாமல் குறைக்காமல், புதிய ஏற்பாடு என்று வரிசைப்படுத்திய முதல் சான்று 367ஆம் ஆண்டில்தான் கிடைக்கிறது. அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு அந்த வருட ஈஸ்டர் பண்டிகைக்காக எழுதிய சுற்றுமடல் அது. அதன் பிறகும் சுரியானிச் சபைகள் 22 நூல்களோடு காலம் தள்ளின. வெளிப்படுத்தின விசேஷம் அவர்கள் பட்டியலில் இல்லை.

இடைப்பட்ட காலத்தில் எப்படிச் சலித்தெடுத்தார்கள்? எனக்குப் பிடித்த ஒரு சம்பவம் இருக்கிறது. 200ஆம் ஆண்டை ஒட்டி அந்தியோக்கியாவின் ஆயராக இருந்தவர் செராப்பியோன். ரோசு என்ற கடலோர ஊருக்குப் போனபோது, அங்கே சிலர் 'பேதுருவின் சுவிசேஷம்' என்ற நூலை வாசிக்கலாமா என்று சச்சரவிட்டுக்கொண்டிருந்தார்கள். செராப்பியோன் அதைப் படித்துப் பார்க்காமலே, இதற்குத்தான் இத்தனை மனத்தாங்கல் என்றால் வாசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பிறகு சந்தேகம் தட்டி, ஒரு பிரதி வாங்கிப் படித்தார். பெரும்பகுதி சரியாகவே இருந்தது. சில இடங்களில் மட்டும் புதுச்சரக்கு சேர்ந்திருந்தது; இயேசு மெய்யான உடலோடு வந்தவர் அல்லர் என்று சொல்லும் கூட்டத்தாரின் வாடை அதில் அடித்தது. அனுமதியைத் திரும்பப் பெற்று அந்தச் சபைக்குக் கடிதம் எழுதினார். பேதுருவை நாங்கள் கிறிஸ்துவைப் போலவே ஏற்கிறோம், அவர் பெயரைப் போட்டு வருகிற போலியை ஏற்கமாட்டோம், அப்படியொன்று எங்களிடம் ஒப்படைக்கப்படவில்லை என்பது அதன் சாரம்.

ஆக, ஒரு நூலை நிறுத்துப் பார்க்கச் செராப்பியோனிடம் இருந்த எடைக்கல், முன்னோர் ஒப்படைத்துவிட்டுப் போன விசுவாசம். இந்த அளவில் உங்கள் கணவர் சொல்வது சரி. பாரம்பரியம் இல்லாமல் பொருளடக்கம் இல்லை. ஆனால் அவர் அதிலிருந்து பறிக்கிற முடிவு கொஞ்சம் பெரிது. உரைகல்லில் தேய்த்து இது பொன் என்று சொல்லும் ஆசாரி பொன்னை உண்டாக்குவதில்லை. பட்டியலிட்டதாலேயே சபை வேதத்துக்கு மேலே உட்கார்ந்துவிட்டது என்றாகாது. பவுலின் கடிதம் கொரிந்து போய்ச் சேர்ந்த அன்றே அதிகாரத்தோடுதான் போனது. யாரும் வாக்கெடுத்துக் கொடுத்ததில்லை.

நம் வேதாகமத்தில் 66 நூல், கத்தோலிக்கர் வேதாகமத்தில் 73 என்கிற கணக்கையும் பார்த்துவிடலாம். பழைய ஏற்பாட்டில் எபிரேய மொழியில் உள்ளவை மட்டுமா, கிரேக்கத்தில் மட்டும் கிடைத்தவையுமா என்று ஜெரோமுக்கும் அகஸ்டினுக்குமே ஒத்துப்போகவில்லை. லூத்தர் 1534இல் வெளியிட்ட முழு ஜெர்மன் வேதாகமத்தில் தோபித்து, யூதித்து, மக்கபேயர் எல்லாம் உண்டு. படிக்க நல்லவை, உபதேசத்துக்கு ஆதாரமாகா என்ற குறிப்போடு இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவே தனியாக வைத்தார். இங்கிலாந்தின் 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பிலும் அவை இருந்தன. இவ்வளவு ஏன், தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கி வைத்து, சூல்ட்சே முடித்த தமிழ்ப் பழைய ஏற்பாட்டோடு இந்த நூல்களும் 1728இல் அச்சாகின. அச்சிட்டவர்கள் அசல் லூத்தரன்கள். அவை நம் கண்ணில் படாமல் போனதற்குப் பெரிய காரணம், இந்நூல்களை அச்சிடப் பணம் தரமாட்டோம் என்று பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் 1826இல் எடுத்த முடிவு. உங்கள் சித்தப்பா "நம்ம பைபிள்" என்றாரே, அந்த ஒல்லியான பைபிளும் ஒரு பாரம்பரியம்தான். வயதில் இளையது, அவ்வளவே.

'வேதம் மட்டும்' என்ற பேச்சுக்கு உண்மையான சோதனை 325இல் நிசேயாவில் கூடிய சங்கத்தில் வந்தது. குமாரன் படைக்கப்பட்டவர் என்று சொன்ன ஆரியுவிடம் வசனத்துக்குப் பஞ்சமே இல்லை. நீதிமொழிகள் 8:22ஐக் காட்டுவார், யோவான் 14:28ஐக் காட்டுவார். எதிரே இருந்த ஆயர்களும் முதலில் வேத வார்த்தைகளாலேயே அவர்களை மடக்கப் பார்த்தார்கள். குமாரன் தேவனிடமிருந்து வந்தவர் என்று எழுதலாமா? ஆரியுவின் ஆட்கள் தங்களுக்குள் கண்ணைக் காட்டிக்கொண்டு தலையாட்டினார்களாம்: எல்லாமே தேவனிடமிருந்து வந்ததுதானே, எழுதிக்கொள்ளுங்கள்! தேவனுடைய வல்லமை என்று எழுதலாமா? வெட்டுக்கிளிக் கூட்டத்தைக்கூட வேதம் அப்படிச் சொல்கிறதே, எழுதுங்கள்! எந்த வசனத்தைப் போட்டாலும் அவர்கள் அதை வளைத்துக் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார்கள். வேறு வழியில்லாமல்தான் வேதத்தில் எங்குமே இல்லாத 'ஹோமோஊசியோஸ்' என்ற கிரேக்கச் சொல்லை எடுத்தோம் என்று அத்தனாசியு பின்னாளில் எழுதினார். பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்பது அதன் பொருள். சொல் வேதத்தில் இல்லை, சொல் சுமக்கும் கருத்து வேதத்தில் இருக்கிறது என்பது அவர் வாதம். 1947இல் நம் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அந்தச் சொல் இடம்பெற்ற நிசேயா விசுவாசப் பிரமாணத்தையும் ஏற்றுக்கொண்டே உருவானது. ஆராதனையில் எழுந்து நின்று அதைச் சொல்லும்போது வேதத்தில் இல்லாத ஒரு சொல்லால் நீங்கள் வேதத்துக்குக் காவல் நிற்கிறீர்கள்.

இந்த இடத்தில் உங்கள் அத்தை சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் பக்கத்துக்கும் ஒன்று வைத்திருக்கிறேன்.

180 வாக்கில் லியோனின் ஆயர் ஐரேனியு, ஞானமார்க்கத்தார் என்று பேர் எடுத்தவர்களுக்கு எதிராக ஐந்து புத்தகம் எழுதினார். வசனங்களைப் பிய்த்துத் தங்கள் கதைக்கு ஒட்டுகிறவர்களைப் பற்றி அவர் சொன்ன உவமை பிரசித்தம். வண்ணக் கற்கள் பதித்து ஒருவர் அரசன் உருவத்தைச் செய்து வைக்கிறார். இன்னொருவர் அதே கற்களைப் பெயர்த்து நரி உருவமாக அடுக்கிவிட்டு, இதுதான் அரசன் என்கிறார். கல் எல்லாம் அசல், படம் பொய். படம் எப்படி இருக்க வேண்டும் என்பது அப்போஸ்தலர் வழியாக வந்த போதனையில் இருக்கிறது என்றார். பாரம்பரியத்துக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடையாது. யோவானைப் பார்த்தவர் பொலிக்கார்ப்பு, பொலிக்கார்ப்பைச் சிறுவயதில் பார்த்தவர் ஐரேனியு என்று ஒப்படைப்பின் சங்கிலியும் குட்டையானது. ஆனால் அதே ஐரேனியு அதே நூலில், இயேசு ஐம்பது வயதை நெருங்கும்வரை போதித்தார், யோவானோடு பழகிய மூப்பர்கள் சொன்னது இது என்று எழுதி வைத்திருக்கிறார். ஒருவரும் அதை ஏற்கவில்லை, கத்தோலிக்கரும் ஏற்கவில்லை. சுவிசேஷங்களோடு அது பொருந்தவில்லை என்பதே காரணம். இவ்வளவு கிட்டத்தில் வந்த பாரம்பரியமே தடுக்கி விழுந்திருக்கிறது. கைதூக்கி விட்டது எழுத்து.

லூத்தர் 1519இல் லைப்சிக் விவாதத்தில் போப்பும் பொதுச்சங்கங்களும்கூடத் தவறலாம் என்று சொன்னபோது இதைத்தான் பிடித்தார். அவர் பாரம்பரியத்தைத் தூக்கி எறிந்தவர் என்று நம்மவர்களே பெருமையாகச் சொல்வதுண்டு. குழந்தை ஞானஸ்நானத்தையும் விசுவாசப் பிரமாணங்களையும் வைத்துக்கொண்டவர் அவர். கத்தோலிக்கத் தரப்பு 1546இல் திரெந்து சங்கத்தில் பதில் சொன்னது. சத்தியம் ஒரு பகுதி வேதத்திலும் ஒரு பகுதி எழுதப்படாத பாரம்பரியத்திலும் இருக்கிறது என்பது முதல் வரைவு. கடைசியில் அந்தப் 'பகுதி'களை எடுத்துவிட்டு, வேதத்தி'லும்' பாரம்பரியத்தி'லும்' என்று மாற்றினார்கள். அந்த 'உம்'முக்கு என்ன பொருள் என்று நானூறு ஆண்டு கழித்தும் அவர்களுக்குள்ளேயே சண்டை. 1962இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் 'வெளிப்பாட்டின் ஊற்றுகள்' என்று பன்மையில் தலைப்பிட்டு வந்த வரைவை ஆயர்களில் பெரும்பான்மையினர் எதிர்த்தார்கள். தள்ளுவதற்கு வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காதபோதும் போப் யோவான் 23 தலையிட்டு அதைத் திருப்பி அனுப்பினார். 1965 நவம்பர் 18 அன்று 2,344க்கு 6 என்ற வாக்கில் நிறைவேறிய புதிய ஏடு, வேதமும் பாரம்பரியமும் ஒரே ஊற்றிலிருந்து வருபவை என்கிறது. போதிக்கும் அதிகாரம் தேவ வார்த்தைக்கு மேலே இல்லை, அதற்கு ஊழியம் செய்கிறது என்றும் சொல்கிறது. உங்கள் அத்தையின் "திருச்சபை சொல்லுதுல்ல" என்பதைவிட இது நிதானமான பேச்சு.

ஒரு குறை இருக்கிறது. அந்தச் சங்கத்தில் சிகாகோவின் கர்தினால் மேயர் எழுந்து, சபைக்குள் வளர்கிற எல்லாப் பாரம்பரியமும் வளர்ச்சியாகிவிடாது, கோணலானவையும் உண்டு, வேதத்தைக் கொண்டு அவற்றைத் திருத்த வேண்டும் என்று எழுதுங்கள் என்றார். எழுதவில்லை. அது விட்டுப்போனது வருத்தத்துக்குரியது என்று பின்னாளில் குறிப்பிட்டவர் ஓர் இளம் ஜெர்மன் இறையியலாளர். பெயர் ராட்சிங்கர், போப் 16ஆம் பெனடிக்ட் ஆனவர்.

முதலிடம் எதற்கு என்று கேட்டீர்கள். வாசிக்கக் கற்றுக்கொடுப்பது பாரம்பரியம். அது இல்லாமல் யாரும் வாசிப்பதில்லை. 'வேதம் மட்டும்' என்கிற பெந்தெகொஸ்து பாஸ்டரும் தன் குருவிடம் கற்ற மாதிரிதான் வாசிக்கிறார். ஆனால் கற்றுக்கொடுத்தவரையே நிறுத்தி, ஐயா, இந்த இடம் இடிக்கிறதே என்று கேட்கிற உரிமை எழுத்துக்கு இருக்க வேண்டும். அந்த உரிமையை ஒத்துக்கொள்கிற எந்தப் பாரம்பரியத்தோடும் எனக்குச் சண்டை இல்லை.

இந்த அளவுகோலை வைத்தே ஆகஸ்ட் 15ஐயும் பாருங்கள். மரியாளின் முடிவைப் பற்றி வேதத்தில் ஒன்றும் இல்லை. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய சைப்பிரஸின் எப்பிபானியு, அது யாருக்கும் தெரியாது என்கிறார். விண்ணேற்புக் கதைகள் அதற்குப் பிறகே பரவலாகின்றன. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் அன்றைக்கு மரியாளின் துயில் என்று பெருவிழா எடுக்கின்றன. ஆனால் விண்ணேற்பைக் கட்டாய விசுவாசக் கோட்பாடாக அறிவித்ததில்லை. ரோம் 1950 நவம்பர் 1இல் அறிவித்தது. கொண்டாடுவதில் எனக்கு மறுப்பில்லை. நம்பியே ஆக வேண்டும் என்பதில் இருக்கிறது. அத்தையோடு தேருக்குப் போய்வாருங்கள். விசுவாசக் கோட்பாட்டில் கையெழுத்துப் போடு என்று காமநாயக்கன்பட்டியில் யாரும் கேட்கப்போவதில்லை.

போவதற்கு முன் தோபித்து நூலைப் படித்துவிடுங்கள். 14 அதிகாரம், ஒரு மாலையில் முடிந்துவிடும். தூரப் பயணம் போகிற பையன் பின்னாலேயே ஒரு நாயும் போகும். எனக்கு அந்த நாயை ரொம்பப் பிடிக்கும். உங்கள் கல்யாணத்தில் வாசித்தது அநேகமாக 8ஆம் அதிகாரத்தில் வரும் முதலிரவு ஜெபமாக இருக்கும். ஆதாமையும் ஏவாளையும் சொல்லி, மனிதன் தனிமையாய் இருப்பது நல்லதல்ல என்று தேவன் பேசியதை நினைவூட்டி அவன் ஜெபிக்கிறான். அது ஆதியாகமம் 2ஆம் அதிகாரம். சித்தப்பாவின் பைபிளிலும் இருக்கிறது.